முகமும் மூன்று வார லீவும்

ஊரில் யாருக்கும் சொல்லாத ஒரு விஷயத்தை இங்கே எழுதுகிறேன். போன வருடம் நவம்பரில் முகத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டேன். ஃபேஸ்லிஃப்ட். விபத்து இல்லை, நோய் இல்லை. தாடைக்குக் கீழே தொங்கியது பிடிக்கவில்லை, செய்துகொண்டேன். வயது 54. மன்னார்குடிப் பக்கம் தெரிந்தால் ஒரு மாதத்துக்குப் பேச்சு ஓடும். "பேரப்புள்ள எடுக்குற வயசுல இது என்ன கூத்து" என்பதில் ஆரம்பித்து, ரங்கமணி எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பது வரைக்கும் போகும்.

வாழ்த்தோ வசவோ வாங்குவதற்காக எழுதவில்லை. புனேவில் மட்டும் மூன்று தமிழ்ப் பெண்களும் ஒரு ஆணும் என்னிடம் ரகசியமாக இதைப் பற்றி விசாரித்துவிட்டார்கள் (எப்படித் தெரிந்தது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்). அவர்களிடம் சொன்னதையே எல்லாருக்கும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஃபேஸ்லிஃப்டையும் லேசரையும் ஒரே நாளில் சேர்த்துச் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். நம்ம தோலுக்கு அது நல்ல பேரம் இல்லை. நான் டாக்டர் இல்லை, சாக்கன் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு பார்ப்பவள். தலையாட்டுகிற நிலைமைக்கு வந்து கடைசி நேரத்தில் நின்றவள் என்பதுதான் என் தகுதி.

முதலில், ஏன் இந்த ஆசை வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஊரில் இருக்கிற என் தங்கையை எல்லாரும் தினமும் பார்க்கிறார்கள். அவள் முகம் மாறுவது அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. அவளுக்கு வயது தவணையில் ஏறுகிறது. நான் வருடத்துக்கு ஒரு தடவை, சில சமயம் ரெண்டு வருடத்துக்கு ஒரு தடவை போகிறேன். ஆட்டோவை விட்டு இறங்கி, பெட்டியைத் திண்ணையில் வைப்பதற்குள் பெரியம்மா, "என்னடி இப்படி ஆயிட்ட? அந்த ஊரு தண்ணி ஒத்துக்கலையா?" என்பார். ரெண்டு வருடத்து வயதையும் மொத்தமாக ஒரே நிமிடத்தில் கையில் கொடுத்துவிடுவார்கள். வெளியூரில் இருக்கிறவர்களுக்கு இது புரியும். 2020க்குப் பிறகு ஆபீஸில் எதற்கெடுத்தாலும் வீடியோ மீட்டிங் வேறு. நாள் முழுக்கத் திரை ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. அதில்தான் தெரிந்தது, கீழே குனிந்து நோட்டைப் பார்க்கும்போது என் கன்னம் என்னோடு சேர்ந்து குனிவதில்லை, அது தனியாக இறங்குகிறது என்று.

பெண்ணுக்கு வைகாசியில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. ஆகஸ்டில் ஒரு பெரிய கிளினிக்குக்குப் போனேன். பெயர் வேண்டாம். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் 'கவுன்சலர்' என்று ஒரு பெண் உட்கார்ந்து பேசியது. நல்ல பெண், என் மகள் வயது. ஜனவரியில் லிஃப்டும் செய்து, அதே மயக்கத்திலேயே முகம் முழுக்க கார்பன் டை ஆக்சைடு லேசரும் அடித்துவிட்டால் ஒரே மயக்க மருந்து, ஒரே ரிக்கவரி, ஒரே லீவு. மூன்று வாரம். தனித்தனியாகச் செய்வதைவிட நாற்பதாயிரம் மிச்சம். வைகாசிக்குள் முகம் பளிச். ஒரே கல்லில் ரெண்டு மாங்காய்.

மார்ச் மாதம் கணக்கு முடிக்கிற எனக்கு அந்த மூன்று வாரம் மட்டும்தான் காதில் விழுந்தது. அட்வான்ஸ் கட்டக் கார்டையும் எடுத்துவிட்டேன். எங்கள் சொசைட்டி கோயம்புத்தூர் அக்காவின் ஞாபகம் வந்ததால் கார்டை திரும்ப உள்ளே வைத்தேன். அந்தக் கதை பிறகு.

இந்த ரெண்டும் வேறு வேறு வேலை. தொளதொளவென்று இருக்கிற ரவிக்கையைப் பிடித்துத் தைப்பது ஒன்று. கசங்கிய துணிக்கு இஸ்திரி போடுவது இன்னொன்று. ஃபேஸ்லிஃப்ட் என்பது தையல். நெற்றிப்பொட்டு முடி ஓரத்தில் ஆரம்பித்து, காதுக்கு முன்னால் இறங்கி, மடலைச் சுற்றிப் பின்பக்கம் வரை கீறி, கன்னத்துத் தோலை அடியிலிருந்து பிரிக்கிறார்கள். தோலுக்குக் கீழே முகத் தசைகளோடு சேர்ந்த ஒரு ஜவ்வு மாதிரி அடுக்கு இருக்கிறது. 1976ல் மிட்ஸ், பெய்ரோனி என்ற ரெண்டு பிரெஞ்சு டாக்டர்கள் அதை விவரித்து எழுதினார்கள். எஸ்மாஸ் என்கிறார்கள். வெறும் தோலை இழுத்துத் தைத்தால் முகம் காற்றில் நிற்கிற மாதிரி இறுகிப்போகும், சீக்கிரம் தளர்ந்தும் போகும். அதனால் பாரத்தை இந்த அடுக்கில் கட்டிவிட்டு, மிஞ்சிய தோலை மட்டும் வெட்டித் தைக்கிறார்கள். தாடைத் தொங்கலும் கழுத்துத் தொங்கலும் இதில் போகும். மேலுதட்டுக்கு மேலே இருக்கிற மெல்லிய கோடுகள் போகாது. எவ்வளவு இழுத்தாலும் போகாது.

அந்தக் கோடுகளுக்குத்தான் லேசர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர், 10,600 நானோமீட்டர். அதைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். தோலில் பெரும்பகுதி தண்ணீர்தானே, பட்ட இடத்தில் மேலடுக்கு ஆவியாகிவிடும். அடியில் பாய்கிற சூட்டில் கொலாஜன் சுருங்கும், பிறகு மாதக்கணக்கில் புதிது ஊறும். மயிர்க்கால்களின் ஓரத்திலிருந்து புதுத் தோல் வந்து மூடும். பழைய முறையில் முகம் முழுக்க ஒரே அடியாக எடுத்துவிடுவார்கள், ஒன்றரை வாரம் பச்சைப் புண்ணாக இருந்து, சிவப்பு மட்டும் மாதங்களுக்கு நிற்கும். 2004ல் வந்தது ஃபிராக்ஷனல் முறை. சல்லடை மாதிரி புள்ளி புள்ளியாகச் சுட்டு, நடுவில் நல்ல தோலை விட்டுவைப்பது. சீக்கிரம் ஆறும், ஆபத்தும் குறைவு. இல்லை என்று சொல்லமாட்டேன்.

(இடையில் ஒன்று. இந்த கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கண்டுபிடித்தவர் இந்தப் பக்கத்துக்காரர். பாராமதியில் பிறந்து, புனே இன்ஜினியரிங் காலேஜில் படித்து, அமெரிக்காவில் பெல் லேப்ஸில் 1964ல் சாதித்த குமார் படேல். சிவாஜி நகர் பக்கம் அந்தக் காலேஜைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இப்போது ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறேன். :-))

இஸ்திரிப் பெட்டிக்கு வருகிறேன். பருத்திக்கு வைக்கிற சூட்டைப் பட்டுக்கு வைக்கமாட்டோம். தோலிலும் அப்படித்தான். வெயிலில் தோல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்து ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்க டாக்டர் 1975ல் ஒரு பகுப்பு செய்தார். லேசர் அடிக்கிறவர்கள் இன்றும் அதைத்தான் பார்க்கிறார்கள். முதலில் அதில் இருந்தது நான்கு வகை, எல்லாம் வெள்ளைத்தோலுக்கு. பழுப்பும் கருப்பும் பிறகு சேர்த்த ஐந்தாவதும் ஆறாவதும். நம்மில் பெரும்பாலோர் நான்கிலும் ஐந்திலும் வருகிறோம், என்னை மாதிரி நல்ல கருப்பு ஐந்து, ஆறு. இந்தத் தோலின் குணம், எங்கே காயம் பட்டாலும் அங்கே நிறமியைக் கொட்டிவிடும். கொசு கடித்த இடமே நமக்கு ரெண்டு மாதம் கருப்பாக இருக்கிறது. முகம் முழுக்கச் சுட்டால்?

கோயம்புத்தூர் அக்காவுக்கு நடந்தது அதுதான். அவருக்கு ஆபரேஷன்கூட இல்லை, லேசர் மட்டும். வேறொரு கிளினிக். பத்து நாளில் ஆறி, முகம் குழந்தை மாதிரி இருந்தது, நாங்கள் எல்லாரும் பொறாமைப்பட்டோம். ஆறாவது வாரம் ஊரில் கும்பாபிஷேகம், அண்ணன் கூப்பிட்டார், போனார். கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு ரெண்டு மணி நேரம் வெயிலில் நின்றார். திரும்பி வந்தபோது ரெண்டு கன்னத்திலும் தோசைக்கல்லில் தீய்ந்த மாதிரி திட்டு. வெயிலில் நிற்கக்கூடாது என்று அச்சடித்த தாளில் எங்கோ ஒரு வரி இருந்ததாம். ஒன்பது மாதம் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு லிஃப்டில் ஏறினார். கருமை பெரும்பாலும் மெதுவாகத் தணிந்துவிடும். பல மாதம் கழித்து நிறமே போய் வெளுப்பது என்று இன்னொன்று இருக்கிறது. அது வந்தால் அனேகமாக அப்படியே நின்றுவிடும். ஊரில் வெள்ளைத் திட்டோடு போய் நிற்பதை யோசித்துப் பாருங்கள். சுருக்கத்துக்கு "வயசாயிட்ட" என்றவர்கள் அதற்கு என்னவெல்லாம் சொல்வார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. கருத்த தோலில் நிறமி வெயிலைத் தடுப்பதால் மெல்லிய கோடுகள் நமக்குத் தாமதமாகத்தான் விழும். நமக்கு முதலில் வருவது தொங்கலும், கண்ணுக்குக் கீழே பள்ளமும், நிறம் திட்டுத் திட்டாக மாறுவதும்தான். அப்படியென்றால் முழு முக லேசர் நமக்கு எது குறைவோ அதைச் சரிசெய்யப் பார்க்கிறது, எது ஏற்கெனவே பிரச்னையோ அதைப் பணயம் வைக்கிறது. கணக்கு எழுதுகிற யாரும் இந்த வவுச்சரில் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

இதெல்லாம் லேசருக்கு மட்டும். லிஃப்டோடு சேரும்போது வேறொன்று இருக்கிறது. நாற்று நட்ட வீட்டில் பிறந்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். பறித்து நட்ட நாற்று பச்சை பிடிக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதுவரை அதைக் காயவிடமாட்டோம். கன்னத்துத் தோலை அடியிலிருந்து பிரித்தால் கீழிருந்து வரும் ரத்தக் குழாய்கள் அறுந்துவிடும், ஓரத்திலிருந்து வரும் ரத்தத்தை நம்பித்தான் அது சில நாட்கள் உயிரோடு இருக்கிறது. காதுக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிற நுனிப்பகுதிக்கு ரத்தம் போய்ச் சேர்வதே பாடு. அன்றைக்கே மேலிருந்து அதைச் சுட்டால் ரெண்டு பக்கமும் அடி. சில சமயம் அந்த இடம் கருகி உதிரும், தழும்பு நிற்கும். சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு லிஃப்டிலேயே இந்த ஆபத்து அதிகம், லேசர் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் செய்துவிடுகிறேன். அமெரிக்காவில் 1990களிலிருந்து ரெண்டையும் சேர்த்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், கவனமாகச் செய்தவர்களுக்கு நன்றாகவும் வந்திருக்கிறது. பிரித்த தோலில் சூட்டை வெகுவாகக் குறைத்துவிடுவார்கள். அல்லது அங்கே தொடாமல், பிரிக்காத இடமான வாயைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் மட்டும் அடிப்பார்கள். மயக்க மருந்து ஒரே தடவை என்பதும் உண்மையான லாபம்தான். சேர்த்துச் செய்கிற எல்லாரும் பணம் பறிக்கிறவர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அனுபவம் பெரும்பாலும் ஒன்றாம், ரெண்டாம் வகைத் தோலில் சேர்ந்தது. அதை அப்படியே எடுத்து ஐந்தாம் வகைக்கு, "முழு முகம், ஒரே சிட்டிங்" என்று பாக்கேஜ் போடுவதில்தான் எனக்குச் சண்டை. கவுன்சலர் பெண் என்னிடம் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வைகாசி என்று நான் சொன்ன பிறகும்.

ரெண்டாவதாகப் பார்த்தது ஒரு மராட்டிய டாக்டரம்மா. பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். படித்தவர் (இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள், 'காஸ்மெட்டிக் சர்ஜன்' என்று பலகை மாட்டுவது வேறு, எம்.சிஎச். அல்லது டி.என்.பி. முடித்திருப்பது வேறு). சின்ன அறை. விளக்கை அணைத்துவிட்டு என்னை ஜன்னல் ஓரம் உட்காரவைத்துப் பார்த்தார். பி.பி. உண்டா, ரத்தம் இளக மாத்திரை சாப்பிடுகிறேனா, உதட்டில் அக்கி மாதிரி எப்போதாவது கொப்புளம் வந்திருக்கிறதா, காது மூக்குக் குத்திய இடம் தழும்பு தடித்ததா, கல்யாணம் எந்த ஊரில், எந்த மாதம், மண்டபமா வீட்டு வாசலா என்று வரிசையாகக் கேட்டார். கல்யாணத்தை எதற்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். "மே மாசம் தஞ்சாவூர்ப் பக்கம் வெயில் எவ்வளவு? ஹோமத்துக்குப் பக்கத்தில் எத்தனை மணி நேரம் உட்காருவீங்க? மஞ்சள் பூசுவாங்களா?" அப்போதுதான் உறைத்தது.

அவர் சொன்ன முடிவு சுருக்கமானது. உங்களுக்குத் தொங்கல்தான், கோடு ரொம்ப இல்லை. தொங்கலை எடுத்துவிடுகிறேன். கோடு இருக்கட்டும். கல்யாணம் முடிந்து, மழைக்காலம் வந்து, அப்போதும் கோடு உறுத்தினால் காதுக்குக் கீழே ஒரு சின்ன இடத்தில் லேசரை அடித்துப் பார்த்துவிட்டு மேலே பேசலாம். நாற்பதாயிரம் மிச்சம் இங்கே கிடைக்காது. நான் சரி என்றேன்.

பணத்தைப் பற்றிக் கேட்பீர்கள். அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கிடையாது. மற்ற வைத்தியத்துக்கு இருக்கிற ஜி.எஸ்.டி. விலக்கும் கிடையாது. முழுக்கக் கைக்காசு. ஏதாவது சிக்கல் வந்தால் அதற்கும் பாலிசி கை கொடுக்கும் என்று நம்பி இறங்காதீர்கள்.

பணத்தைவிடப் பெரியது ஆள் பலம். ஊரில் ஒரு காய்ச்சல் என்றால் நாலு பேர் ரசம் கொண்டு வருவார்கள். இங்கே ரங்கமணி ஒருவர்தான். அம்மா இருந்திருந்தால் வந்திருப்பார். தங்கையைக் கூப்பிட்டால் அடுத்த ரயிலில் ஏறியிருப்பாள், ஆனால் அவளிடம் சொன்னால் பெரியம்மாவிடம் சொன்ன மாதிரி. ரகசியம் என்று முடிவு செய்ததற்கு விலை அதுதான். வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி இடது கன்னம் மட்டும் கொஞ்சம் அதிகமாக வீங்கிய மாதிரி இருந்தது. உள்ளே ரத்தம் கட்டினால் அது அவசரம், உடனே திறந்து எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மணி பதினொன்றரை. டாக்டரம்மா ரெண்டாவது ரிங்கில் போனை எடுத்தார், வீடியோவில் பார்த்தார், வலி ஏறுகிறதா, கன்னம் கல் மாதிரி இருக்கிறதா என்று கேட்டார், இல்லை என்று தெரிந்ததும் காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார். ஒன்றுமில்லை. ஆனால் அன்று ராத்திரி ரங்கமணி முகத்தைப் பார்த்தபோது, இதோடு கூட முகம் முழுக்கப் புண்ணும் இருந்திருந்தால் வீக்கம் எது, சூட்டுக்காயம் எது என்று எங்கள் ரெண்டு பேருக்கும் எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். "ஒரே ரிக்கவரி" என்று அந்தப் பெண் சொன்னபோது ரெண்டு ரிக்கவரியும் ஒரே சமயத்தில் என்று நான் புரிந்துகொள்ளவில்லை.

"இதெல்லாம் தேவையா" என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். என்.ஐ.பி.எம். ரோட்டில் நம்மவர்கள் எத்தனையோ பேர் குடியிருக்கிறார்கள். அதை ஒட்டிய கொண்ட்வாவில் ஒரு தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது. இங்கிலாந்தில் பிளாஸ்டிக் சர்ஜரி படித்துத் திரும்பிய டாக்டர் நோஷிர் அந்தியா 1950களில் அங்கேதான் தொழுநோயாளிகளின் கையையும் முகத்தையும் சீராக்கும் அறுவைகள் செய்தார். அந்த நோயில் தடித்துப் போகும் முகத்தோல் நோய் தணிந்த பிறகு தொங்கி, இளம் வயதிலேயே கிழ முகமாகிவிடும். நோய் போனாலும் முகம் காட்டிக்கொடுக்கும், ஊர் சேர்க்காது. அவர்களுக்கும் ஃபேஸ்லிஃப்ட்தான் செய்தார்கள். என் தாடைத் தொங்கலை அதோடு ஒப்பிடுகிற அளவுக்கு எனக்குத் திமிர் இல்லை. முகச் சுருக்கத்துக்கு அறுவை என்றாலே சினிமாக்காரிகள் சமாசாரம் என்று சிரிக்கிறவர்கள், அடுத்த தடவை அந்த ரோட்டில் போகும்போது நினைத்துப் பார்க்கட்டும்.

ஏப்ரல் வரைக்கும் காதோரம் மரத்துப்போய் இருந்தது. தோட்டுக்குத் திருகாணி போடும்போது மடல் யாருடையதோ மாதிரி இருக்கும், ரெண்டு தடவை திருகாணியைத் தொலைத்தேன். கழுத்தில் நீலம் பாய்ந்தது மறைய ரெண்டு வாரத்துக்கு மேலேயே ஆயிற்று. காதுக்குப் பின்னால் தையல் கோடு இன்னும் தடவினால் தெரிகிறது.

வைகாசியில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நலங்கு அன்றைக்கு அத்தைமார்கள் பெண்ணுக்குப் பூசிய கையோடு என் கன்னத்திலும் மஞ்சளை அப்பினார்கள். மாப்பிள்ளை அழைப்பில் நாலு மணி வெயிலில் நின்றேன். ஹோமப் புகையில் ஒன்றரை மணி நேரம். ஒரு திட்டும் வரவில்லை. ஆல்பம் போன வாரம் வந்தது, மேலுதட்டுக் கோடுகள் எல்லாப் படத்திலும் அப்படியே இருக்கின்றன. பெரியம்மா முதல் நாளே திண்ணையில் என்னை நிறுத்தி ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

"என்னடி இளைச்சிட்ட? கல்யாண அலைச்சலா?"

ஆமா பெரியம்மா என்றேன்.